படுக்கையில் விழுந்த எச்.ஐ.வி. நோயாளிக்கு அரசுச் செலவில் ஓர் இடம்: வேலூரில் கேட்க முடியாதா?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு பணம் கொடுத்து நடத்தும் இல்லம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஏதாவது இருக்கிறதா? மருத்துவமனை வார்டைக் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்த பிறகு போவதற்கு ஓர் இடம் கேட்கிறேன்.

என் சித்தி மகன் வாலாஜா பக்கம். லாரி ஓட்டியவர். பல வருடமாக ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். நடுவில் வடக்கே லோடு போன சமயத்தில் மாத்திரை விட்டுப்போயிற்று. மூளையில் டி.பி. வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி எங்களுக்கு ஆயுசுக்கும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் ஆனவரை எங்கே கொண்டுபோவது? அண்ணி ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. அவர் ஒரு நாள் லீவு போட்டாலும் வீட்டில் அடுப்பு எரியாது. சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது, அவரால் ஆளைப் புரட்டிப் போட முடியாது. ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் கட்டில் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்ததும் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதில் என்ன கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அடுக்கம்பாறை_சிஸ்டர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். முதலில் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மனு அப்புறம்.

டி.பி. மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கும். அது போகும் காலத்தில் எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர் மாத்திரை ஒரு வேளை போதாது, காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏ.ஆர்.டி. சென்டரில் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் பார்ப்பவர்கள் பழைய பழக்கத்தில் ஒரே வேளை கொடுத்துவிடுவது உண்டு. அண்ணியிடம் இன்றே கேளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த மூன்று இடத்தையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பம். ஏர் பெட் வாங்கினால் அதன் குட்டி மோட்டார் ஓடுகிறதா என்று கரண்ட் போய் வரும்போதெல்லாம் பாருங்கள். மோட்டார் நின்று மெத்தை தட்டையானது தெரியாமல் ராத்திரி முழுக்கப் படுத்திருந்து புண் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூக்கில் டியூப் இருந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தாமல் கஞ்சி ஊற்றவே கூடாது.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. இதில் எந்த வேலையும் எச்.ஐ.வி.க்கு என்று தனியாகச் செய்வது கிடையாது. பக்கவாதம் வந்த எந்தப் பெரியவருக்கும் இதே வேலைதான். ரத்தம், புண் படும் இடத்தில் கிளவுஸ், அதை எல்லா நோயாளிக்கும் போட வேண்டும். தவறிப்போய் ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் தடுப்பு மாத்திரை, அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம். தொட்டால், ஊட்டினால், குளிப்பாட்டினால் பரவாது. அந்த இல்லம் சொன்ன 'இடமில்லை'க்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூடக் கிடையாது.

---

குடியாத்தம்_தறி

அண்ணே, நான் முன்பு இந்தத் துறையில் களப்பணியாளராக இருந்தவன். நீங்கள் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்று முன்பு இருந்தது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், அதாவது 2007-லிருந்து, சமூகப் பராமரிப்பு மையம் என்று நாடு முழுக்க நடத்தினார்கள். தொண்டு நிறுவனம் நடத்தும், பணம் அரசு வழியாக வரும், எய்ட்ஸ், டி.பி., மலேரியாவுக்கான உலக நிதியத்தின் பணமும் அதில் உண்டு. கட்டில் இருக்கும், நர்ஸ் இருப்பார், டாக்டர் வந்துபோவார், கவுன்சலர் இருப்பார், சமையல் ஆள் இருப்பார். மாத்திரை புதிதாக ஆரம்பிப்பவர்களைச் சில நாள் வைத்துப் பழக்கி அனுப்புவது, சந்தர்ப்பவாதத் தொற்று, அதாவது எதிர்ப்புச் சக்தி குறைந்தபோது தொற்றும் நோய், வந்தவர்களைத் தேற்றி அனுப்புவது, இதுதான் வேலை. ஏட்டில் குறுகிய காலத் தங்கல்தான். ஆனால் போக்கிடம் இல்லாதவரை எந்த நர்ஸம்மா வாசலில் விடுவார்? அப்படியே தங்கியவர்களும் இருந்தார்கள்.

2013-ல் அந்த ஏற்பாடு முடிந்தது. விஹான் என்ற திட்டத்தில் பராமரிப்பு மற்றும் ஆதரவு மையங்கள் வந்தன. மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் போய்த் திரும்பச் சேர்ப்பது, அரசு உதவிகளுக்கு எழுதிக் கொடுப்பது, ஆறுதல் சொல்வது என்று நல்ல வேலைதான் செய்கிறார்கள். கட்டில் மட்டும் இல்லை. தங்க வேண்டுமானால் அரசு மருத்துவமனை வார்டு, அங்கே சிகிச்சை முடிந்தால் வீடு. நடுவில் ஒன்றும் கிடையாது. உங்கள் சித்தி மகன் விழுந்திருப்பது அந்த நடுவில்தான்.

---

காட்பாடி_ஜங்ஷன்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்ததே நம் ஊர் ஆய்வகத்தில்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் டாக்டர் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தன. அங்கே சோதித்ததில் 6 மாதிரிகள் பாசிட்டிவ். சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டசபையில் அறிவித்தார். முதலில் கண்டுபிடித்த ஊரில், படுத்துவிட்டவருக்கு ஒரு கட்டில் இல்லை என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

---

சத்துவாச்சாரி_கணக்கு

நான் அரசுக் கணக்குத் துறையில் இருந்தவன். யாரையும் புண்படுத்த எழுதவில்லை, ஆனால் இந்தக் கேள்விகளை கலெக்டர் ஆபீஸில் கட்டாயம் கேட்பார்கள்.

ஒன்று, எய்ட்ஸுக்கு மட்டும் ஏன்? பக்கவாதம் வந்தவர், முதுகெலும்பு உடைந்தவர், மறதி நோய் வந்தவர், இவர்களில் யாருக்கும் அரசு நீண்டகாலக் கட்டில் தருவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு என்றாலும், அது அறுவை, சிகிச்சை என்று பட்டியலில் உள்ளதற்குத்தான். வருடம் முழுக்கப் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் போட அதில் பணம் வராது.

அடுத்தது, யார் பணம்? எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் முழுக்க மத்திய அரசின் பணம். 2021 முதல் 2026 வரையான ஐந்தாம் கட்டத்துக்கு 15,471.94 கோடி ஒதுக்கினார்கள். அதில் தங்கிப் பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பு கிடையாது. தலைப்பு இல்லாத செலவை எந்தக் கருவூலமும் பாஸ் பண்ணாது.

தொண்டு நிறுவனத்திடம் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கட்டிலில் ஆள் இருக்கிறாரா, பதிவேட்டில் மட்டும் இருக்கிறாரா என்று யார் பார்ப்பது? இது எல்லா விடுதிக்கும் உள்ள பிரச்சினைதான். இதற்குப் பதில் இல்லாமல் மனு கொடுத்தால் அது ஃபைலிலேயே தூங்கும்.

---

பேர்ணாம்பட்டு_அக்கா

நான் பாசிட்டிவ். இங்கே பெயர் போடாமல் எழுதுவதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கென்று தனி இல்லம் கட்டாதீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் ஊருக்கு வெளியே ஒரு கட்டிடம், வாசலில் ஒரு போர்டு, அங்கே போய்வரும் ஆட்டோக்காரருக்கு அது என்ன இடம் என்று தெரியும். யாராவது அங்கே ஒரு வாரம் படுத்தால் போதும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவது நின்றுவிடும். எங்கள் பாசிட்டிவ் சங்கத்தில் ஒரு தங்கச்சி, பக்கத்துப் பெட்டிக்கடையில் பார்த்துவிடுவார்கள் என்று உள்ளூர் ஏ.ஆர்.டி. சென்டரை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்குகிறாள். அவளை எய்ட்ஸ் இல்லத்தில் சேர் என்றால் செத்தாலும் வரமாட்டாள்.

எங்களுக்கு வேண்டியது வீட்டிலேயே பார்க்க ஒரு ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் மாதம் இருபதாயிரத்தைத் தொடுகிறது. விதவை ஓய்வூதியம் 1,200 ரூபாயில் எந்த மூலைக்கு?

---

எடிசன்_வேலூர்க்காரி

வேலூரில் நர்சிங் படித்துவிட்டு நியூஜெர்சியில் பல வருடமாகப் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் இங்கே நடந்ததில் பாடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் வந்தவர்களின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவைப் பெரும்பாலும் சுமந்தது மெடிகெய்ட். ஏழைகளுக்கான திட்டம், மத்திய அரசும் மாநிலமும் பங்கு போட்டுக் கட்டும். மெடிகேர் என்று இன்னொன்று உண்டு, அது வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும். ஆனால் 65 வயதுக்குக் கீழே உள்ள ஊனமுற்றவர் அதில் சேர, வேலை செய்ய முடியாமல் போனதிலிருந்து 29 மாதம் காத்திருக்க வேண்டும். எண்பதுகளில் எய்ட்ஸ் என்று கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் அவ்வளவு நாள் உயிரோடு இல்லை. சேர்ந்தாலும் இல்லத்தில் 100 நாளுக்கு மேல் அது கட்டாது. ஆகவே கையில் இருந்த சேமிப்பெல்லாம் கரைந்து, ஏழை என்று நிரூபித்த பிறகுதான் மெடிகெய்ட் கை கொடுத்தது. நம் ஊரில் இதைச் செய்யும்போது அந்தக் கொடுமையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பம் தெருவுக்கு வந்த பிறகுதான் உதவி என்று இருக்கக் கூடாது.

அந்த நாளில் இங்கேயும் சாதாரண இல்லங்கள் எய்ட்ஸ் நோயாளியைச் சேர்க்க மறுத்தன. நியூயார்க் மாநிலம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான இல்லங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம் நிர்ணயித்தது. அதனால் இடங்கள் உருவாயின. மன்ஹாட்டனில் ஒரு பழைய பள்ளிக் கட்டிடத்தை 219 கட்டிலோடு ரிவிங்டன் ஹவுஸ் என்ற எய்ட்ஸ் இல்லமாக மாற்றி 1995-ல் திறந்தார்கள். பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன, சாவு குறைந்தது, கட்டில்கள் காலியாயின. 2014-ல் மூடினார்கள். அந்த இடம் பராமரிப்புக்கு மட்டுமே என்று பத்திரத்தில் இருந்த நிபந்தனையை 2015-ல் நகர நிர்வாகம் நீக்கியது. இல்லத்தை வாங்கியிருந்த நிறுவனம் அதை 116 மில்லியன் டாலருக்கு அடுக்குமாடி வீடு கட்டுபவர்களுக்கு விற்றது. அந்தப் பகுதி மக்கள் இன்றும் அதைப் பேசிப் பேசி ஆற்றாமைப்படுகிறார்கள். ஒரே நோய்க்கென்று கட்டிய இடம், அந்த நோய் அடங்கியதும் பொதுமக்கள் கையை விட்டே போயிற்று.

பேர்ணாம்பட்டு அக்கா சொன்ன வழியும் இங்கே உண்டு. நியூஜெர்சி 1987-லேயே எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வீட்டுப் பராமரிப்புக்கு மெடிகெய்ட் பணத்தைத் திருப்பிவிட அனுமதி வாங்கியது. இல்லத்துக்குப் போகும் அளவு முடியாதவர் வீட்டிலேயே இருந்தால், வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் உதவியாளருக்கும் அரசு கட்டும். நிறையப் பேருக்கு அது நல்லதாக அமைந்தது. ஆனால் அக்கா, வீட்டில் யாருமே இல்லாதவருக்கு அது உதவாது. உதவியாளர் சில மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு யார் புரட்டிப் போடுவது? கட்டிலும் வேண்டும், வீட்டு உதவியும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று அரசு சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

---

பேர்ணாம்பட்டு_அக்கா

யாரும் இல்லாதவருக்குக் கட்டில் வேண்டும், அது சரி. புருஷன் போய், பெற்றவர்களும் போய், தனியாக நிற்கும் பெண்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நானும் ஒரு நாள் அந்த வரிசையில் நிற்கலாம். என் சண்டை போர்டோடு மட்டும்தான்.

---

அடுக்கம்பாறை_சிஸ்டர்

அப்படியென்றால் போர்டு இல்லாத கட்டிலைக் கேட்போம்.

தாலுகா மருத்துவமனைகளில் நீண்டகாலப் பராமரிப்புக்கு என்று பத்துக் கட்டில் ஒதுக்கட்டும். பக்கவாதம், புற்றுநோய், முதுகெலும்பு முறிவு, எச்.ஐ.வி. எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கட்டும். சத்துவாச்சாரி சாரின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். வாசலில் 'வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சை' என்று இருந்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்ததிலிருந்து அந்தப் பெயரில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். வாலாஜா தம்பி, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். அது இன்றைக்கே நடக்கும் காரியம்.

கேரளத்தில் இந்த ஆதரவு சிகிச்சை 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாக ஆரம்பித்ததுதான். 2008-ல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வெளியிட்டது. இன்று பஞ்சாயத்துகள் தங்கள் பணத்தில் நர்ஸை வீடு வீடாக அனுப்புகின்றன. நோயின் பெயரைப் பார்க்காமல் ஆளின் நிலையைப் பார்த்ததால்தான் அது ஊர் முழுக்கப் பரவியது.

---

சத்துவாச்சாரி_கணக்கு

சிஸ்டர் சொல்வது கணக்குக்கும் ஒத்துவருகிறது. பத்துக் கட்டிலுக்கு மூன்று ஷிஃப்ட், வார விடுமுறை, லீவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கைந்து நர்ஸ், ஏழெட்டு உதவியாளர் வேண்டும். பெரிய செலவு சம்பளம்தான். கட்டிடம் இருக்கிறது. ஏ.ஆர்.டி., டி.பி. மருந்துகள் ஏற்கெனவே இலவசம். சாப்பாடு, டயப்பர், டிரெஸ்ஸிங் சாமான் மீதி. இப்படிப்பட்டவரை மருத்துவக் கல்லூரி வார்டிலேயே வைத்திருந்தால் அதைவிடக் கூடுதல் செலவு, உயிருக்குப் போராடி வரும் இன்னொருவரின் கட்டிலும் அடைபடும். மனுவில் இந்த வாதத்தை முதலில் வையுங்கள், அதிகாரிகள் காதில் ஏறும்.

ஆனால் தொண்டு நிறுவனம் நடத்தினால் வருடம் ஒரு முறை சமூகத் தணிக்கை வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பாசிட்டிவ் சங்கத்திலிருந்து ஒருவர் அந்தக் குழுவில் இருக்கட்டும்.

---

குடியாத்தம்_தறி

எல்லாம் சரி. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பொது வார்டில் சேர்த்துவிட்டால் எச்.ஐ.வி. நோயாளி கடைசிக் கட்டிலுக்குத் தள்ளப்படுவார். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி வைத்ததையும், சாப்பாட்டுத் தட்டைக் காலால் நகர்த்தியதையும் கண்ணால் பார்த்தவன் நான். முன்பு இருந்த மையங்களில் கட்டில் கம்மி, வசதி கம்மி, ஆனால் தலையைத் தடவிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். தொழுநோய்க்கு அரசு பரனூரில் மறுவாழ்வு இல்லம் நடத்துகிறது, நம் பக்கம் கரிகிரியில் 1955-லிருந்து தனி மருத்துவமனை இருக்கிறது. தனி இடம் என்பதாலேயே அது கெடுதல் என்று ஆகாது. பொதுக் கட்டில்தான் என்றால், அங்கே வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

---

ஆம்பூர்_வக்கீல்

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 10 செப்டம்பர் 2018. அதன் 3-வது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. பொதுமக்களுக்கான எந்தச் சேவையையும் தங்குமிடத்தையும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. தனியாருக்கும் இது பொருந்தும். அந்த முதியோர் இல்லம் செய்தது இதற்குள் வருகிறது. மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். வழக்கு என்று போனால் பெயரை மறைத்து நடத்தக் கோர 34-வது பிரிவு இருக்கிறது. குடியாத்தத்துக்காரர் சொன்ன சிவப்பு மை, தட்டு விவகாரத்துக்கும் வழி உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த மருத்துவ நிறுவனமும் ஒரு புகார் அதிகாரியை நியமித்தாக வேண்டும்.

சட்டம் நின்றுவிடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். அரசுகளின் கடமை பற்றிய 14-வது பிரிவு பரிசோதனை வசதி, ஏ.ஆர்.டி., சந்தர்ப்பவாதத் தொற்றுக்கான சிகிச்சை என்று சொல்கிறது, அதுவும் 'இயன்றவரை'. நீண்டகாலக் கட்டில் அதில் இல்லை. எனவே கட்டிலை எச்.ஐ.வி. சட்டத்தின் பேரில் உரிமையாகக் கேட்க முடியாது. பொது சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு, அதனால் மாநில அரசிடம் திட்டமாகக் கேட்க வேண்டும். கட்டில் வந்த பிறகு அதிலிருந்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தச் சட்டம் கைகொடுக்கும்.

வாலாஜா நண்பருக்கு ஒரு வழி. உங்கள் சகோதரருக்கு ஒரு பக்கம் செயலிழந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு மனுச் செய்யலாம். சான்று கை காலின் நிலைக்குத்தான், அதில் எச்.ஐ.வி. என்று வர வேண்டிய அவசியம் இல்லை.

---

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சிஸ்டர் அக்கா, மாத்திரையைக் கேட்டுவிட்டேன், இரண்டு வேளைதான் கொடுக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் பதிவும் ஆகிவிட்டது, நர்ஸ் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மனுவில் நான் எழுதப்போவது இதுதான். தாலுகா மருத்துவமனையில் எந்த நோயானாலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு அரசுச் செலவில் நீண்டகாலக் கட்டில். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவியாளர் சம்பளம். எச்.ஐ.வி.யைச் சொல்லி யாரையும் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை, ஊழியர்களுக்குப் பயிற்சி. சங்கத்தினர் உட்கார்ந்த தணிக்கைக் குழு. தனி இல்லமா, பொதுக் கட்டிலா என்பதில் குடியாத்தம் அண்ணனுக்கு மனக்குறை இருப்பது தெரியும். பேர்ணாம்பட்டு அக்காவின் பேச்சைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், அங்கே படுக்கப் போகிறவர்கள் சொல்வது முக்கியம்.

ஒரு சந்தேகம். மனுவில் அண்ணன் பெயரைப் போட வேண்டுமா?

---

ஆம்பூர்_வக்கீல்

வேண்டாம். குறைதீர் நாள் மனு பல மேஜைகளைச் சுற்றும், நகல் தாசில்தார் வரை போகும். எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சங்கத்தின் பெயரில் பொதுக் கோரிக்கையாகக் கொடுங்கள். உங்கள் சகோதரரின் பராமரிப்புத் தொகைக்குத் தனி மனு, மாற்றுத்திறனாளி நல அலுவலகத்தில். இரண்டையும் ஒரே கவரில் வைக்காதீர்கள்.

---

பேர்ணாம்பட்டு_அக்கா

எங்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் கொடுப்போம் தம்பி. சத்துவாச்சாரி சார், அந்தச் செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், கூடவே இணைக்கிறோம். திங்கள்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள், டோக்கன் வாங்க வரிசை நீளமாக இருக்கும்.